மூன்று பக்கம் பாசி

என் ஓரகத்தி சௌந்திரத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும், "அந்த மீன் தொட்டிக்காரம்மாவா? பாவம், சாதுங்க" என்பார்கள். அந்தச் சாது என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடி வாங்குகிறவளைச் சாது என்று சொல்லிவிட்டால் அடிக்கிறவனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தப்பித்துக்கொள்ளலாம். நானும் அப்படித் தப்பித்தவள்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அவளும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். மூத்தவர் மருதாசலத்துக்கு அவள், இளையவர் வேலுமணிக்கு நான். திருச்செங்கோட்டுக்குத் தெற்கே ரோட்டோரமாக ஒரே வீடு. நடுவில் ஒரு நடை, இந்தப் பக்கம் ஒரு குடித்தனம், அந்தப் பக்கம் ஒரு குடித்தனம். என் கதவைத் திறந்தால் அவர்கள் கூடம் முழுக்கத் தெரியும். மாமனாரும் மாமியாரும் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் காட்டைப் பார்த்துக்கொண்டார். மூத்தவர் குழாய்க் கிணறு தோண்டுகிற போர் வண்டி வைத்திருந்தார். பொங்கல் முடிந்ததும் வண்டி வடக்கே கிளம்பும். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகக் கிணறு போட்டுவிட்டு மழை பிடித்த பிறகு திரும்பி வருவார். அவர் இல்லாத மாதங்களில் எங்கள் வீடு வீடாக இருக்கும். மீதி நாட்களில் அது என்னவாக இருந்தது என்று சொல்ல எனக்கு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

சௌந்திரம் வெண்ணந்தூர்ப் பக்கத்துப் பெண். தோட்டம், துரவு, இரண்டு அண்ணன்மார் என்று வசதியாக வளர்ந்தவள். சின்ன வயதில் கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்து நீந்துவாளாம். அகலமான கை, அகலமான தோள். மஞ்சள் மூட்டையை இன்னொரு ஆளைக் கூப்பிடாமல் முதுகில் ஏற்றிக்கொள்வாள். இவ்வளவு பலம் இருந்தும் ஏன் திருப்பி அடிக்கவில்லை என்று கேட்கிறவர்கள், ஒரு வருடம் அவள் இடத்தில் இருந்துவிட்டு வந்து கேட்கட்டும். அண்ணன்மார் ஒரு தடவை வந்தார்கள். கோழி அடித்துக் குழம்பு வைத்தோம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "பாத்துப் பதனமா நடந்துக்க ஆத்தா" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனார்கள். புத்தி சொன்னது அடி வாங்கியவளுக்கு!

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கணவனுடைய அண்ணனை மச்சாண்டார் என்போம். அவர் எதிரில் தம்பி பெண்டாட்டி நிற்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. சோறு போட நேர்ந்தால் வட்டிலை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் சுவரைப் பார்த்தோ, பிள்ளைகளைப் பார்த்தோ சொல்ல வேண்டும். எழுபத்தி நாலில் நான் அந்த வீட்டுக்கு வந்தேன். ஒன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் எனக்கு அது எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று வெட்கமாக இருக்கிறது.

என் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். அதற்கு முட்டுக்கொடுக்க, போர் வண்டியிலிருந்து கழித்துப் போட்ட பழைய பிட்டு ஒன்றை வைத்திருந்தோம். பாறையைக் குடைகிற முனை அது. முகத்தில் பல் தேய்ந்துபோய், மொழுக்கென்று, ஒரு சின்னப் பிள்ளையின் தலை அளவுக்கு இருக்கும். எதிர்க் கூடத்தில் சத்தம் கிளம்பியதும் நான் காலால் அந்தப் பிட்டைத் தள்ளிவிடுவேன். கதவு சாத்திக்கொள்ளும். அப்புறம் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன். இதுதான் நான் செய்த வேலை.

எழுபத்தி எட்டு ஐப்பசியில் மூத்தவர் வடக்கே யாரோ ஒரு பெரிய நிலக்காரர் வீட்டில் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். அதே மாதிரி வேண்டும் என்று சேலத்தில் சொல்லி, இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, நாலு அடி நீளத்தில் ஒன்று செய்து கொண்டுவந்து இறக்கினார். கூடத்தில் நுழைகிறவர்கள் முகத்துக்கு நேராகத் தெரிய வேண்டுமாம். வாசல் கிழக்குப் பார்த்தது. அதற்கு நேர் எதிரே தொட்டியை வைத்தார். பொழுது கிளம்பியதிலிருந்து பத்து மணி வரைக்கும் வெயில் அப்படியே அதன் மேல் விழும்.

"இங்க வெச்சா வெயில் படுமுங்க. கெணத்துல மேப்படியில பாசி புடிக்கறாப்புல புடிச்சுக்கும்" என்றாள் சௌந்திரம்.

அதற்குக் கன்னத்தில் ஓர் அறை. தொட்டியை இறக்க வந்தவர்கள் எதிரிலேயே. ஆறு தங்கமீன்கள் உள்ளே போய் மூன்று வாரத்தில் அவள் சொன்னபடியே கண்ணாடியில் பச்சை படர்ந்தது. அவர் அதைப் பாசி என்று பார்க்கவில்லை. வீட்டுக்காரி கூட்டாமல் துடைக்காமல் விட்ட அழுக்கு என்று பார்த்தார். "ஒறம்பரை வந்தா காறித் துப்புவாங்கடி! குடித்தனம் நடத்தற ஊடா இது?" என்று வராத விருந்தாளிகளைச் சொல்லி ஆரம்பிப்பார். தண்ணீர் தெளிவாக இருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கும், பச்சையாக இருந்தால் இறங்காது. தண்ணீருக்குள் காற்று ஊத ஒரு குட்டி மோட்டார், மீனுக்குத் தூவ ஒரு டப்பா தீனி, இவளுக்குக் கொடுக்க இரண்டு கை. அந்தத் தொட்டிக்கு அவர் செய்து வைத்த ஏற்பாடு அவ்வளவுதான்.

எழுபத்தி ஒன்பதில் அவள் முழுகாமல் இருந்தாள். நாலு மாதம். வாந்தியில் படுத்துக் கிடந்ததால் தொட்டியைத் துடைக்கவில்லை. வெளியே போய்விட்டு வந்தவர் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். விரல் பச்சையாக இருந்தது. அந்த விரலை அவள் முகத்தில் தேய்த்துவிட்டு, விழுந்தவளை வயிற்றில் உதைத்தார். நான் பிட்டைத் தள்ளிக் கதவைச் சாத்தினேன். சாயங்காலம் ரத்தம் நிற்கவில்லை என்று என் வீட்டுக்காரர் லாரியில் போட்டுக்கொண்டு போனார். பிள்ளை போய்விட்டது. மூத்தவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரையும்விட அதிகமாக அழுதார். பொய் அழுகை இல்லை, நிஜமாகவே அழுதார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

எண்பத்தி ஒன்றில் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். இந்தத் தடவை அவர் வடக்கேயிருந்து வருகிறார் என்று தந்தி வந்ததும், அவள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தொட்டியைச் சோப்புத்தூள் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினாள். உள்ளே கிடந்த கூழாங்கல்லைக்கூட விடவில்லை. கண்ணாடி இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு சுத்தம். புதுத் தண்ணீர் ஊற்றி மீன்களை விட்டாள். அவர் வந்து பெட்டியை வைக்கும்போது ஆறு தங்கமீன்களும் மல்லாந்து மிதந்தன. பாசி இருந்தாலும் உதை, பாசி இல்லாவிட்டாலும் உதை. நான் மறுபடியும் கதவைச் சாத்தினேன். அந்தப் பிள்ளையும் போய்விட்டது. அப்புறம் அவர் கோயில் கோயிலாகப் பிள்ளை வரத்துக்கு நேர்ந்துகொண்டு, மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். "எம்பட ராசி, மலடியக் கட்டிக்கிட்டேன்" என்று டீக்கடையில் சொன்னாராம். இதைக் கேட்டுவிட்டு வந்து என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போனார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் போவதற்கு ஓர் இடம் இருந்தது.

எண்பத்தி இரண்டு தீபாவளிக்கு அவர் சேலத்திலிருந்து எட்டுக் கறுப்பு மோலி மீன்கள் வாங்கி வந்தார். விரல் நீளம், கரி மாதிரி கறுப்பு. பொங்கல் முடிந்து வண்டி வடக்கே போனது. சௌந்திரம் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாவறதா இருந்தா செத்துப் போவட்டும்" என்று ஒரு மாதம் விட்டுவிட்டாள். தீனி தூவுவதோடு சரி.

சாகவில்லை. அதுதான் வேடிக்கை. நாலு பக்கமும் கண்ணாடி தெரியாமல் பச்சை ஏறி, உள்ளே பாசி நூல் நூலாக, அவிழ்த்துவிட்ட கூந்தல் மாதிரி தொங்கியது. மீன்கள் பளபளவென்று கொழுத்துப் போயின. ஒரு நாள் காலையில் அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். முன் கண்ணாடியில் துணியால் ஒரு சாண் அகலத்துக்குத் துடைத்திருந்தாள்.

"இங்க பாரு வள்ளி, என்ன பண்ணுதுன்னு பாரு."

மோலிகள் வரிசையாகப் பக்கக் கண்ணாடியில் வாயை வைத்து வைத்துப் பாசியைக் கொறித்துக்கொண்டிருந்தன. ஆடு வரப்பில் மேய்கிற மாதிரி ஓர் ஒழுங்கோடு மேய்ந்தன.

"இத்தன நாளும் அதுங்க சோத்தையல்ல நான் தேச்சுத் தேச்சுக் கீழ ஊத்தியிருக்கறேன்" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு அதே வேலை. முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். பகலில் கரண்ட் போய் ஊதல் மோட்டார் நின்றால், முன்பெல்லாம் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். இப்போது பிளக்கவில்லை. வெயில் பட்டதும் பாசி நூலில் பொடிப்பொடியாகக் குமிழி கட்டி மேலே போவதை அவள் கண்டுபிடித்தாள். ஆனால் பாசி என்றால் எல்லாமே நல்லது என்றும் அவள் நினைக்கவில்லை. ஒரு சமயம் தண்ணீரே பச்சைப்பயறு வேகவைத்த தண்ணீர் மாதிரி கலங்கிவிட்டது. விடிந்து பார்த்தால் மீன்கள் எல்லாம் மேலே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன, ஒன்று செத்தும் போயிற்று. பாதித் தண்ணீரை இறைத்துப் புதுசு ஊற்றினாள், வாசலில் பாதி வெயிலை மறைத்து ஒரு பழைய சேலையைக் கட்டினாள், தீனியைக் குறைத்தாள். நாலு நாளில் தெளிந்தது. அதன் பிறகு ஒரு கணக்குக்கு வந்தாள். முன் கண்ணாடியை மட்டும் பழைய வேட்டித் துணியால் துடைக்க வேண்டும், சோப்பு ஆகாது. மற்ற மூன்று பக்கமும் பாசி அப்படியே இருக்கலாம். நூல் ரொம்ப நீண்டுவிட்டால் ஒரு குச்சியில் சுற்றிக் கொஞ்சம் எடுத்துவிட வேண்டும். யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை இது. உட்கார்ந்து பார்த்ததில் வந்தது.

மாசிக் கடைசியில் ஒரு மோலி குட்டி போட்டது. முட்டை இல்லை, குட்டியே வயிற்றிலிருந்து விழும். சௌந்திரம் முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள். ஆனால் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, போட்ட தாய் திரும்பி வந்து ஒரு குட்டியை விழுங்கியது. பின்னாலேயே மற்ற மீன்களும் வந்து துரத்தித் துரத்தி விழுங்கின. துடைத்த முன் கண்ணாடி ஓரம் வந்த குட்டி ஒன்றுகூடத் தப்பவில்லை. பின் பக்கம் பாசி நூலுக்குள் நுழைந்தவை மட்டும் தப்பின. பெரிய மீன்கள் மூக்கை விட்டுக் குடைந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. அரை மணி நேரம் கழித்துப் பாசிக்குள் கடுகு கடுகாகக் கண்கள் மட்டும் தெரிந்தன.

அப்போதுதான் அவள் என்னிடம் அதைச் சொன்னாள். தொட்டியிலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னாள்.

"எனக்கு நாள் தள்ளிப் போயிருக்குது வள்ளி. ரெண்டு மாசம்."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

"அவரு ஐப்பசிக்குத்தான் வருவாரு. ஏழாம் மாசம் எங்கூட்டுல இருந்து கட்டுச்சோறு கட்டியாந்து கூட்டிட்டுப் போயிருவாங்க. அதுவரைக்கும் அவருக்குத் தெரியாம இருந்தாப் போதும். லெட்டர்லகூட எழுத வேண்டாம்னு உம்பட ஊட்டுக்காரருகிட்டச் சொல்லு சாமி. இந்த ஒன்ன நான் பெத்துப்போடோணும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. பாசிக்குள் இருந்த குட்டிகள் விரல் நகம் அளவு வளர்ந்தன. தொட்டியில் இடம் பத்தாமல் பத்துப் பன்னிரண்டை மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற கல் தொட்டியில் கொண்டுபோய் விட்டாள். அதிலும் பாசி உண்டு, மாடு அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அவள் வயிறும் மெல்லத் தெரிய ஆரம்பித்தது. நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். இன்னும் ஒன்றரை மாதம்.

வைகாசியில் மூத்தவர் வந்து நின்றார்.

அங்கே தோண்டிய ஒரு குழியில், பாறையைக் குடைகிற சுத்தியலும் பைப்புமாக உள்ளே மாட்டிக்கொண்டதாம். பத்து நாள் போராடியும் மேலே வரவில்லை. வேலை கொடுத்தவனோடு அடிதடியாகி வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ரயில் ஏறியிருக்கிறார். கண் சிவந்து, தாடி வளர்ந்து, உதட்டில் தையலோடு சாயங்காலம் உள்ளே நுழைந்தார். முதலில் அவர் பார்த்தது தொட்டியை. அப்புறம் அவள் வயிற்றை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"ஏன் எழுதுல?" என்று கேட்டார்.

"நேருல சொல்லிக்கலாம்னு இருந்தனுங்க."

"பொய் பேசற."

அன்றைக்கு அவ்வளவுதான். அடிக்கவில்லை. இப்படி அவர் அடிக்காமல் இருந்தால் மறுநாள் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

காலையில் அவர் காட்டுக் கொட்டகைக்குப் போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். மயில்துத்தம். எங்கள் பக்கத்தில் கிணற்றில் பாசி கட்டினால் மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து, கயிற்றில் கட்டித் தண்ணீரில் இழுப்பார்கள். இரண்டு நாளில் பாசி வெளுத்து அடங்கிவிடும். கிணறு, குழி, தண்ணீர் என்றால் தனக்குத் தெரியாதது இல்லை என்று நினைக்கிற மனுஷர். கைக்கு அகப்பட்ட கட்டியை, ஒரு எலுமிச்சம்பழ அளவு, அவளுடைய ரவிக்கைத் துணியிலேயே முடிந்து தொட்டிக்குள் தொங்கவிட்டார்.

சௌந்திரம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "ஐயோ, மீனு செத்துப் போயிருமுங்க! எடுத்துப்போடுங்க!"

"கெணத்துல மீனு இல்லையா? அதெல்லாஞ் சாவுதா? இது கண்ணாடிக் கெணறு, அவ்வளவுதான். நீ பண்ண முடியாத வேலைய நான் பண்றேன் பாரு."

"கெணத்துல ஆயிரங் கொடம் தண்ணி இருக்குதுங்க. இதுல பதனஞ்சு கொடந்தானுங்க."

"எனக்குத் தண்ணிக் கணக்குச் சொல்லித் தாறயா நீ?" என்று தலைமுடியைப் பிடித்து அவளைச் சுவரோரமாக உட்கார வைத்தார். எதிரில் நாற்காலி போட்டுத் தானும் உட்கார்ந்தார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் மெல்ல நீலமாயிற்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மோலிகள் வெறி பிடித்த மாதிரி கண்ணாடியில் போய்ப் போய் மோதின. ஒன்று எகிறித் தரையில் விழுந்து துள்ளியது. பாசியின் பச்சை செத்து, அழுக்குச் சாம்பலாக மாறியது. பத்து மணி வெயிலில் நூல்கள் அறுந்து கீழே இறங்க, அதற்குள் ஒளிந்திருந்த புதுக் குட்டிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

அதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து ஓடி, சொம்பில் குடத்துத் தண்ணீரை மொண்டு, தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, உயிரோடு இருந்த நாலைந்து குட்டிகளைக் கோரிச் சொம்பில் போட்டாள். அவர் எழுந்து வந்து சொம்பை உதைத்தார். தண்ணீர் சுவர் முழுக்கச் சிதறியது. கொண்டையைப் பிடித்து அவள் தலையைத் தொட்டியின் இரும்புச் சட்டத்தில் மோதினார். ஒரு தடவை, இரண்டு தடவை. நெற்றி பிளந்து ரத்தம் கண்ணாடியில் வழிந்து நீலத் தண்ணீருக்குள் இறங்கியது. "என்னயவிட மீனு உனக்குப் பெருசாடி? ஒளிச்சு வெக்கறயா? வயித்துல இருக்கறதையும் ஒளிச்சு வெக்கறயா?" என்று கத்தினார். அவள் கத்தவில்லை. அப்படியே கீழே சரிந்து, தரையில் கிடந்த மீன்களுக்கு நடுவே, முழங்காலை நெஞ்சோடு மடக்கி, இரண்டு கையாலும் வயிற்றைக் கட்டிக்கொண்டு சுருண்டாள். முதுகைத்தான் அவருக்குக் கொடுத்தாள். அவர் காலால் அவள் தோளை நெம்பி மல்லாத்தினார்.

என் கால் வழக்கம்போலப் பிட்டின் மேல் போயிருந்தது. தள்ளினால் கதவு சாத்திக்கொள்ளும். ரேடியோவும் கை எட்டும் இடத்தில்தான் இருந்தது. அப்போது சௌந்திரம் என்னைப் பார்த்தாள். காப்பாற்று என்று அந்தப் பார்வை கேட்கவில்லை. கதவைச் சாத்தப் போகிறவளைப் பார்க்கிற பார்வை அது. முன்பு இரண்டு தடவையும் அவள் இப்படித்தான் பார்த்திருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குனிந்து பிட்டைத் தூக்கினேன். நடையைத் தாண்டினேன். அவர் வலது காலை ஓங்கியிருந்தார்.

"மாமா, காலக் கீழ வெய்யுங்க" என்றேன்.

ஒன்பது வருடத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. அவர் திரும்பினார். பிட்டை அவர் பார்த்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. தம்பி பெண்டாட்டி தன் எதிரில் நின்று, முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து பேசிவிட்டாள் என்பதைத்தான் பார்த்தார். திகைத்துப் போய்க் காலைக் கீழே வைத்துவிட்டார். நான் இடுப்பளவு உயரத்திலிருந்து பிட்டை அந்தக் காலின் மேல் விட்டேன்.

எலும்பு நொறுங்குகிற சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. அவர் போட்ட அலறலில் ரோட்டில் போன லாரிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். இரண்டு பேரையும் அதே லாரியில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் எழுதிக்கொண்டவரிடம், "பிட்டு கை தவறிக் கால்ல உழுந்துருச்சுங்க" என்றேன். போர் வண்டிக்காரர்களுக்கு இது நடக்காத விஷயம் இல்லை, கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டார். சௌந்திரத்தின் நெற்றிக்கு, "வழுக்கி உழுந்துட்டாங்க" என்றேன். அது எங்கள் வீட்டில் பழகிப்போன பொய். ஆறு தையல் போட்டார்கள். நர்ஸ் வயிற்றில் குழலை இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சௌந்திரம்தான் என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

"அசையுதுடி வள்ளி" என்றாள். அப்போதுதான் நான் அழுதேன்.

மூத்தவருக்கு மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். புறங்கால் எலும்பு கூடவே இல்லை. அப்புறம் அவர் போர் வண்டி மேல் ஏறவே முடியவில்லை, வண்டியை வேறு ஆள் ஓட்டினார். நான் செய்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தம்பி பெண்டாட்டி தன்னிடம் பேசியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அது அவரால் ஆகாது. என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ரத்தம் பட்டிருந்த பிட்டைக் கழுவி, திரும்ப என் கதவோரம் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். அந்த அளவுக்காவது அவரை நான் மதிக்கிறேன்.

மூத்தவர் திருந்திவிட்டார் என்று கதை விட மாட்டேன். கால்தான் போயிற்று, கை இரண்டும் இருந்தன. அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை அவள் மேல் கை ஓங்கினார். ஒவ்வொரு தடவையும் நான் என் வாசலில் நின்று காலால் பிட்டைச் சிமெண்டுத் தரையில் கரகரவென்று இழுப்பேன். கை இறங்கிவிடும்.

புரட்டாசியில் பெண் பிறந்தாள். குலசாமி பேர், அங்கம்மாள். வெண்ணந்தூரிலிருந்து சௌந்திரம் பிள்ளையோடு திரும்பி வந்ததும், முதல் வேலையாகத் தொட்டியை ஐந்தாறு தடவை வெறுந்தண்ணீர் விட்டு அலசினாள். இரண்டு மாதம் சும்மா நீரை நிரப்பி நிரப்பிக் கொட்டினாள். அப்புறம் மாட்டுத் தொட்டியிலிருந்த மோலிகளைப் பிடித்து விட்டாள். அந்தத் தொட்டியின் பாசியிலேயே ஒரு பிடி எடுத்துக் கல்லில் கட்டி உள்ளே போட்டாள். பங்குனி முடிவதற்குள் மூன்று பக்கமும் பச்சை ஏறிவிட்டது.

இது எண்பத்தி ஏழு. அங்கம்மாளுக்கு நாலு வயது. காலையில் எழுந்ததும் தொட்டிக்கு முன்னால் போய் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பாள். மூத்தவர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். நேற்று அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பிள்ளையிடம் சொன்னார்.

"சாமி, உங்க சின்னம்மாகிட்டக் கேளு. அந்தப் பொறத்தாண்ட இருக்கற பாசிய மட்டும் சித்தச் சொரண்டிப்போட்டா என்னன்னு."

பிள்ளை என் பக்கம் திரும்பினாள். சௌந்திரமும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நெற்றியில் அந்தத் தழும்பு வெளிச்சத்தில் தெரிந்தது. நான் சுவரைப் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தேன்.

"வேண்டாமுங்க. அதுக்குள்ள குட்டி இருக்குது" என்றேன்.

அவர் பார்வை என் வாசலுக்குப் போய், பிட்டின் மேல் நின்று, திரும்பி வந்தது. சரி என்று தலையை ஆட்டிக்கொண்டார். அங்கம்மாள் கண்ணாடியில் விரலை வைத்துப் பாசிக்குள் இருக்கிற குட்டிகளை எண்ண ஆரம்பித்தாள்.

இன்று காலை அந்தப் பிட்டை எடுத்துக்கொண்டு போய் மஞ்சள் நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தேன். எட்டுக் கிலோ. ஒரு குடம் தண்ணீரைவிடக் கனம் குறைவு. எழுபத்தி ஒன்பதிலேயே நான் அதைத் தூக்கியிருக்கலாம்.